விடுமுறைக் காலத்தில் பல்கலைக்கழக வளாகத் தபால்: மாறியிருக்கும் விதிகளும் செய்ய வேண்டியவையும்

பல்கலைக்கழக விடுதியில் தங்கி ஆய்வு செய்துவரும் மாணவி ஒருவர் மூன்று விஷயங்களைக் கேட்டிருக்கிறார். பதிவுத் தபால் நின்றுவிட்டது என்று அஞ்சலகத்தில் சொல்கிறார்கள், ஆனால் பல்கலைக்கழகச் சுற்றறிக்கையில் விண்ணப்பத்தைப் பதிவுத் தபாலில்தான் அனுப்ப வேண்டும் என்று இன்னும் இருக்கிறது, என்ன செய்வது? கிறிஸ்துமஸிலிருந்து பொங்கல் வரை விடுதி காலியாகக் கிடக்கும் நாட்களில் தமக்கு வர வேண்டிய பாஸ்போர்ட்டும் சான்றிதழும் வந்தால் என்ன ஆகும்? ஊருக்குப் புத்தகங்களையும் பொங்கல் வாழ்த்தையும் அனுப்பச் செலவு குறைந்த வழி எது? பல்கலைக்கழகத்திலிருந்து வெளியே போகும் தபாலைக் கையாளும் டெஸ்பாட்ச் பிரிவில் நெடுங்காலம் பணியாற்றியவன் என்ற முறையில் இவற்றுக்குச் சற்று விரிவாகவே பதில் சொல்கிறேன், ஏனென்றால் இதே கேள்விகளோடு ஒவ்வோர் ஆண்டும் டிசம்பரில் மாணவர்கள் எங்கள் ஜன்னலுக்கு வந்துகொண்டேதான் இருந்தார்கள்.

முதலில் பதிவுத் தபால். 2025-இல் உள்நாட்டுப் பதிவுத் தபாலை அஞ்சல் துறை ஸ்பீட் போஸ்டுடன் இணைத்துவிட்டது. பதிவுத் தபால் என்ற தனிச் சேவை இப்போது இல்லையே தவிர, அது தந்துவந்த பாதுகாப்பு முழுவதும் போய்விடவில்லை. ஸ்பீட் போஸ்டில் அனுப்பும்போது ‘ரிஜிஸ்ட்ரேஷன்’ என்ற கூடுதல் வசதியைக் கேட்டுப் பெறலாம். அதற்குத் தபால் ஒன்றுக்கு 5 ரூபாயும் ஜி.எஸ்.டி.யும் கட்டணம். இந்த வசதி ஏன் முக்கியம் என்பதை விடுதியில் இருப்பவர்கள் நன்றாகப் புரிந்துகொள்ள வேண்டும். சாதாரண ஸ்பீட் போஸ்ட் முகவரிக்குத்தான் போகிறது, அந்த முகவரியில் இருக்கும் ஒருவர் கையெழுத்திட்டு வாங்கிக்கொண்டால் பட்டுவாடா முடிந்துவிடும். ரிஜிஸ்ட்ரேஷன் சேர்த்தால் அந்தத் தபாலைப் பெறுநரிடமோ பெறுநர் அதிகாரம் கொடுத்த ஒருவரிடமோ மட்டுமே கொடுக்க வேண்டும். ஒரு வீட்டுக்கு இந்த வேறுபாடு பெரிதாகத் தெரியாது. நூற்றுக்கணக்கான மாணவர்கள் ஒரே முகவரியில் இருக்கும் விடுதிக்கு இதுதான் எல்லாமே. சாதாரண ஸ்பீட் போஸ்டை வாயில் காவலரோ அலுவலக உதவியாளரோ வாங்கி மேசையில் வைத்துவிட்டால், இணையத்தில் ‘பட்டுவாடா ஆகிவிட்டது’ என்று காட்டும், ஆனால் உங்கள் கைக்கு வந்திருக்காது.

ஆகவே சுற்றறிக்கையில் பதிவுத் தபால் என்று இருந்தால், ரிஜிஸ்ட்ரேஷன் சேர்த்த ஸ்பீட் போஸ்டில் அனுப்புங்கள். பதிவுத் தபால் என்று குறிப்பிடும் இடங்களையெல்லாம் திருத்திக்கொள்ளும்படி அஞ்சல் துறை அறிவுறுத்தியிருந்தாலும், பல்கலைக்கழகங்களின் அச்சடித்த படிவங்கள் அவ்வளவு சீக்கிரம் மாறுவதில்லை. தேர்வுத் துறையிலோ தொலைநிலைக் கல்விப் பிரிவிலோ யாராவது ஸ்பீட் போஸ்டை ஏற்கத் தயங்கினால், ரசீதில் ரிஜிஸ்ட்ரேஷன் கட்டணம் தனியாகக் குறிக்கப்பட்டிருப்பதைக் காட்டுங்கள். முன்பு பதிவுத் தபாலோடு இணைத்த ஒப்புகை அட்டைக்கு இணையாக, பட்டுவாடா செய்ததற்கான அத்தாட்சியைக் கேட்டுப் பெறும் வசதியும் ஸ்பீட் போஸ்டில் இருக்கிறது. நீதிமன்றம், நேர்முகத் தேர்வு, மேல்முறையீடு போன்ற விஷயங்களுக்கு அதையும் சேர்த்துக்கொள்வதே நல்லது.

கட்டணத்தைப் பற்றி ஒளிவுமறைவில்லாமல் சொல்லிவிட வேண்டும். ஸ்பீட் போஸ்ட் கட்டணம் 2012-க்குப் பிறகு முதல் முறையாக 2025 அக்டோபர் 1 முதல் மாற்றப்பட்டது. 50 கிராம் வரையிலான கவருக்கு உள்ளூரில் 19 ரூபாய், வெளியூர் எங்கு அனுப்பினாலும் 47 ரூபாய், இரண்டுக்கும் ஜி.எஸ்.டி. தனி. அதாவது சென்னையிலிருந்து ஊருக்கு ஒரு விண்ணப்பக் கவரை அனுப்ப 55 ரூபாய் 46 காசு ஆகிறது, ரிஜிஸ்ட்ரேஷனும் சேர்த்தால் 61 ரூபாயைத் தாண்டுகிறது. பழைய பதிவுத் தபாலில் 20 கிராம் கவர் ஒன்று வரியோடு 26 ரூபாய்க்குள் போய்ச் சேர்ந்தது. ஒரே பருவத்தில் உதவித்தொகை, மாற்றுச் சான்றிதழ், உண்மைத்தன்மைச் சான்றிதழ் என்று நான்கைந்து கவர் அனுப்பும் மாணவருக்கு இது சிறிய தொகையன்று. கிராமத்திலிருந்து வந்து உதவித்தொகையை நம்பிப் படிக்கும் பிள்ளைகளின் பக்கம் நின்று பார்த்தால், இந்த மாற்றத்தின் சுமை அவர்கள் மேல்தான் அதிகம் விழுந்திருக்கிறது என்பதே என் கருத்து.

அந்தச் சுமையைக் கொஞ்சம் குறைக்க ஒரு வழியும் புதிய கட்டணத்தைச் சொன்ன அதே அறிவிப்பில் இருக்கிறது: மாணவர்களுக்கு ஸ்பீட் போஸ்ட் கட்டணத்தில் 10 சதவீதத் தள்ளுபடி. இது பலருக்குத் தெரியவில்லை. கவுண்டரில் மாணவர் அடையாள அட்டையைக் கையில் வைத்துக்கொண்டு, ரசீது அடிப்பதற்கு முன்பே கேளுங்கள், அடித்த பிறகு கேட்டால் அந்தப் பதிவை ரத்து செய்து மறுபடி போட வேண்டியிருக்கும், பின்னால் வரிசையில் நிற்பவர்களுக்கும் அது சிரமம். கவுண்டரில் கியூ.ஆர். வைத்துப் பணம் செலுத்தும் வசதியும் 2025-இல் கொண்டுவந்த புதிய கணினி அமைப்போடு பரவலாக வந்துவிட்டது. கல்வி வளாகங்களுக்குள் ஏற்கெனவே இருக்கும் அஞ்சலகங்களில் 46-ஐப் புதுப்பிக்கும் திட்டம் ஒன்றையும் துறை அறிவித்து, 2025 நவம்பரில் தில்லி ஐ.ஐ.டி. வளாகத்தில் அதைத் தொடங்கியது. அப்படிப் புதுப்பித்த அஞ்சலகங்களில் வரும் இலவச வைஃபையும் சுவர் ஓவியமும் வரவேற்கத்தக்கவைதாம். ஆனாலும் விடுமுறைக்கு முந்தைய வாரத்தில் ஒரு கவுண்டரைக் கூடுதலாகத் திறந்துவைப்பது மாணவர்களுக்கு அவற்றைவிடப் பயன்படும்.

இனி உங்கள் இரண்டாவது கேள்வி. வளாகத் தபாலில் நேரும் சிக்கல்களில் பெரும்பாலானவற்றுக்கு மூலகாரணம் இதில்தான் இருப்பதால், இதைப் பற்றியே அதிகம் சொல்லப்போகிறேன். தபால் தொலைந்துவிட்டது என்று எங்களிடம் வந்த புகார்களில் உண்மையாகவே தொலைந்தவை மிகக் குறைவு. மற்றவையெல்லாம் வளாகம் வரை ஒழுங்காக வந்து, வாங்க ஆளில்லாமல் திரும்பிப் போனவை. பல்கலைக்கழகத்தின் நாட்காட்டியும் அஞ்சல் துறையின் நாட்காட்டியும் வேறு வேறு என்பதே இதற்குக் காரணம். தமிழ்நாட்டுப் பல்கலைக்கழகங்கள் மாநில அரசின் விடுமுறைப் பட்டியலைப் பின்பற்றுகின்றன. அஞ்சல் துறை மத்திய அரசின் கீழ் இயங்குகிறது. பல வளாக அலுவலகங்கள் வாரத்தில் 5 நாள் இயங்குகின்றன, அஞ்சலகமோ சனிக்கிழமையும் சேர்த்து 6 நாள் இயங்குகிறது.

எடுத்துக்காட்டாக 2026 ஜனவரியைப் பாருங்கள். ஜனவரி 1 வியாழக்கிழமை ஆங்கிலப் புத்தாண்டு. மாநில அரசுக்கு அது பொது விடுமுறை, மத்திய அரசு அலுவலகங்களுக்கு அது விரும்பினால் எடுத்துக்கொள்ளும் விடுப்பு மட்டுமே. ஆகவே அன்று துறை அலுவலகம் பூட்டியிருக்கும், தபால்காரர் வருவார். பொங்கல் ஜனவரி 15 வியாழன், திருவள்ளுவர் நாள் 16 வெள்ளி, உழவர் திருநாள் 17 சனி, அடுத்த நாள் ஞாயிறு. வளாகம் நான்கு நாள் தொடர்ந்து மூடியிருக்கும், போகியன்றே ஊருக்குக் கிளம்பிவிடுபவர்களையும் சேர்த்தால் விடுதியில் யாரும் இருக்கமாட்டார்கள். பொங்கலன்று தமிழ்நாட்டில் அஞ்சலகமும் மூடியிருக்கும். ஆனால் 16-உம் 17-உம் மாநில அரசின் விடுமுறைகள், அவை அஞ்சல் துறையைக் கட்டுப்படுத்துவதில்லை. அந்த இரண்டு நாட்களில் உங்கள் பெயருக்கு ஒரு ஸ்பீட் போஸ்ட் வந்தால் தபால்காரர் பூட்டிய கதவைப் பார்த்துவிட்டு, ‘கதவு பூட்டியிருந்தது’ என்று கைப்பேசிக் கருவியில் பதிந்துவிட்டுத்தான் போக முடியும்.

அப்படிப் போன தபாலுக்குப் பிறகு என்ன நடக்கிறது? பட்டுவாடா ஆகாத தபாலை அஞ்சலகம் வழக்கமாக 7 நாள் வைத்திருக்கும், அதற்குள் வாங்கவில்லையென்றால் அனுப்பியவருக்கே திருப்பி அனுப்பிவிடும். இந்த 7 நாள் முதல் முறை கொண்டுவந்த நாளிலிருந்து ஓடத் தொடங்கிவிடுகிறது. டிசம்பர் 23 அன்று வந்த கவருக்கு, அரையாண்டு விடுமுறையில் நீங்கள் ஊரில் இருந்தால், அந்த அவகாசம் நீங்கள் திரும்புவதற்குள் முடிந்துபோகும். விடுமுறை முடிந்து வந்த ஆய்வு மாணவர் ஒருவர், நேர்முகத் தேர்வு அழைப்பு வந்து திரும்பிப் போன விவரத்தை இணையத்தில் பார்த்துவிட்டு எங்கள் பதிவேட்டைப் புரட்டியபடி நின்றதை நான் பார்த்திருக்கிறேன். பதிவேட்டில் அந்தத் தேதிக்கு எதிரே ஒரு வரிகூட இல்லை, ஏனென்றால் அன்று பதிய ஆளே இல்லை.

இதைத் தவிர்க்க மூன்று வழிகள் இருக்கின்றன, ஒவ்வொன்றும் ஒவ்வொரு வகைத் தபாலுக்குப் பொருந்தும். உங்களுக்கு வர வேண்டியது என்ன என்று முன்கூட்டியே தெரிந்தால், அனுப்புபவரிடம் வீட்டு முகவரியைக் கொடுத்துவிடுவதே முதன்மையான வழி. பல்கலைக்கழகம் அனுப்பும் பட்டச் சான்றிதழ், வங்கி அட்டை, ஆதார் அட்டை, போட்டித் தேர்வு சார்ந்த கடிதம் எதுவாக இருந்தாலும், விடுமுறைக்கு இரண்டு மூன்று வாரம் இருக்கும்போது அனுப்பும்படி கேட்டிருந்தால் அது எந்த நாளில் வந்து சேரும் என்று உங்களால் சொல்ல முடியாது, அதனால் எப்போதும் ஆள் இருக்கும் முகவரியே பாதுகாப்பானது. இரண்டாவது, ஏற்கெனவே விடுதி முகவரியைக் கொடுத்துவிட்டீர்கள் என்றால், ஊருக்குப் போகுமுன் உங்கள் பகுதிக்குப் பட்டுவாடா செய்யும் அஞ்சலகத்துக்குப் போய், தபாலை வீட்டு முகவரிக்குத் திருப்பி அனுப்பும்படி எழுத்து மூலம் விண்ணப்பம் கொடுங்கள். வளாகத்துக்குள் இருக்கும் அஞ்சலகம் எல்லாமே பட்டுவாடா செய்வதில்லை. சில இடங்களில் அது கவர் வாங்கும் கவுண்டர் மட்டுமே, தபால்காரர் வேறோர் அலுவலகத்திலிருந்தோ நகரத்துக்கு ஒன்றாக அமைத்த பட்டுவாடா மையத்திலிருந்தோ வருவார். உங்களுக்குத் தபால் கொண்டுவருபவரிடமே எந்த அலுவலகம் என்று கேட்டுக்கொள்ளுங்கள், அவரைவிடச் சரியாகச் சொல்லக்கூடியவர் வேறு யாருமில்லை. மூன்றாவது, விடுமுறையிலும் வளாகத்தில் தங்கப்போகும் நண்பர் ஒருவருக்கு உங்கள் கையெழுத்தோடு அதிகாரக் கடிதம் கொடுத்துவைப்பது. கடிதத்தில் உங்கள் பெயர், அறை எண், நண்பரின் பெயர், எந்த நாள் முதல் எந்த நாள் வரை என்ற விவரங்கள் இருக்கட்டும். உங்கள் அடையாள அட்டையின் நகலையும் இணையுங்கள். ஒரு பிரதியை விடுதி அலுவலகத்திலும் இன்னொன்றை அஞ்சலகத்திலும் கொடுங்கள்.

பாஸ்போர்ட்டுக்கு மட்டும் இந்த மூன்றாவது வழி உதவாது. அது ஸ்பீட் போஸ்டில் வந்தாலும், விண்ணப்பித்தவரின் அடையாள அட்டையைச் சரிபார்த்து அவரிடமே நேரில் கொடுக்க வேண்டும் என்பது விதி. நீங்கள் இல்லையென்றால் அது பாஸ்போர்ட் அலுவலகத்துக்கே திரும்பும், பிறகு அந்த அலுவலகத்தைத் தொடர்புகொண்டு மறுபடி அனுப்பச் சொல்வதோ நேரில் பெறுவதோ தனி வேலை. டிசம்பர் இரண்டாம் வாரத்துக்குப் பிறகு விடுதி முகவரியில் பாஸ்போர்ட்டுக்கு விண்ணப்பிக்கிறவர்களிடம், அவசரமில்லையென்றால் திரும்பி வந்து விண்ணப்பியுங்கள் என்றே நான் சொல்லிவந்திருக்கிறேன். அவசரம் என்றால், அனுப்பிவிட்டோம் என்ற குறுஞ்செய்தி வரும்வரை விடுதியை விட்டு நகராதீர்கள். அந்தக் குறுஞ்செய்தியில் இருக்கும் எண்ணைக் கொண்டு தினமும் பார்த்து, உங்கள் அலுவலகத்துக்கு வந்துவிட்டது என்று தெரிந்ததும் நீங்களே அஞ்சலகத்துக்குப் போய் அடையாள அட்டையைக் காட்டிக் கேட்பதில் தவறொன்றும் இல்லை.

முகவரி எழுதுவதைப் பற்றியும் சொல்ல வேண்டும். வளாக முகவரி வீட்டு முகவரியைப் போன்றதன்று, அதில் கதவு எண்ணும் தெருவும் இருப்பதில்லை, ஆளைக் கண்டுபிடிக்க உதவுவது துறையும் விடுதியும் அறை எண்ணுமே. பலர் பெயருக்குக் கீழே பல்கலைக்கழகத்தின் பெயரை மட்டும் எழுதிவிடுகிறார்கள். பல ஆயிரம் பேர் இருக்கும் வளாகத்தில் ‘எஸ். பிரியா’ என்ற பெயரில் எத்தனை பேர் இருப்பார்கள் என்று எண்ணிப் பாருங்கள். கவரின் மேல் வரிசை இப்படி இருக்கட்டும்: முதல் வரியில் தலைப்பெழுத்தோடு முழுப் பெயர், அதன் கீழ் ஆய்வு மாணவி என்றோ முதுகலை இரண்டாம் ஆண்டு என்றோ ஒரு குறிப்பு, அடுத்துத் துறையின் பெயர், அடுத்து விடுதியின் பெயரும் அறை எண்ணும், அதன் பிறகு வளாகம் இருக்கும் அஞ்சல் ஊரின் பெயரும் பின்கோடும், கடைசியில் கைப்பேசி எண். கைப்பேசி எண்ணை விட்டுவிடாதீர்கள். புதிய முறையில் பட்டுவாடா பற்றிய குறுஞ்செய்தி அந்த எண்ணுக்குத்தான் வருகிறது, ஓ.டி.பி. சொல்லி வாங்கும் கூடுதல் வசதியும் அந்த எண்ணைச் சார்ந்ததே. வெளிமாநிலத்துக்குப் போகும் கவரில் முகவரியை ஆங்கிலத்திலும் எழுதுங்கள்.

பின்கோடில் நேரும் தவறு வளாகங்களுக்கே உரியது. பெரிய வளாகங்கள் பலவற்றுக்குத் தனிப் பின்கோடு இருப்பது பெற்றோருக்குத் தெரிவதில்லை, பக்கத்து ஊரின் எண்ணைப் போட்டுவிடுகிறார்கள். அண்ணாமலைப் பல்கலைக்கழகம் சிதம்பரத்தை ஒட்டியிருந்தாலும் சிதம்பரத்தின் 608001 அதற்கு உரியதன்று, அண்ணாமலைநகரின் எண் 608002. அண்ணா பல்கலைக்கழகத்தின் கிண்டி வளாகத்துக்கு 600025, ஆனால் கிண்டி என்று தேடிக் கிண்டித் தொழிற்பேட்டையின் 600032-ஐ எழுதிவிடுபவர்கள் உண்டு. சென்னை ஐ.ஐ.டி.க்கு 600036, அடையாற்றின் 600020 அன்று. மதுரை காமராசர் பல்கலைக்கழகம் இருக்கும் பல்கலைநகருக்கு 625021. பின்கோடின் முதல் மூன்று இலக்கம் தபால் எந்தப் பிரிப்பு மாவட்டத்துக்குப் போக வேண்டும் என்பதையும், கடைசி மூன்று எந்த அஞ்சலகத்துக்கு என்பதையும் சொல்கின்றன. கடைசி இலக்கம் தவறினால் கவர் பக்கத்து அலுவலகத்துக்குப் போய், அங்கே இது நம்முடையதன்று என்று கண்டு, மறுபடி பையில் கட்டி அனுப்ப ஒரு நாளோ இரண்டு நாளோ ஆகும். மற்ற மாதங்களில் அந்த இரண்டு நாள் பெரிய விஷயமில்லை, விடுதி மூடுவதற்கு முந்தைய நாள் வர வேண்டிய கவர் என்றால் அந்தத் தாமதமே அதை விடுமுறைக்குள் தள்ளிவிடும். 2025-இல் வந்த டிஜிபின் என்ற 10 எழுத்துக் குறியீடு, ஏறக்குறைய 4 மீட்டருக்கு 4 மீட்டர் அளவுள்ள இடத்தைக்கூடக் குறித்துக் காட்டுகிறது, பரந்த வளாகங்களுக்கு அது எதிர்காலத்தில் உதவக்கூடும். ஆனால் அது பின்கோடுக்கு மாற்றாக வந்ததன்று, பின்கோடைத் தவறாமல் எழுதுங்கள்.

நீங்கள் அனுப்பும் தபாலைப் பொறுத்தவரை, விண்ணப்பத்தின் கடைசி நாளைப் பற்றிய எச்சரிக்கை ஒன்று. அறிவிப்பில் கொடுத்திருக்கும் கடைசி நாள் பெரும்பாலும் தபால் போய்ச் சேர வேண்டிய நாளே தவிர நீங்கள் அனுப்ப வேண்டிய நாளன்று, தபால் தாமதத்துக்கு நிறுவனம் பொறுப்பல்ல என்ற வரியும் அதன் கீழேயே இருக்கும். மேலே சொன்ன 2026-ஐயே வைத்துப் பார்த்தால், ஜனவரி 19 திங்கட்கிழமை கடைசி நாள் என்றால், இடையில் வரும் பொங்கல் நாட்களை விட்டுக் கணக்குப் பார்த்து, 9-ஆம் தேதிக்குள் அனுப்பிவிடுங்கள். வெளியூர்க் கவர் ஒன்று வேலை நாட்களில் இரண்டு மூன்று நாளில் போய்விடும் என்று நம்பி 13-ஆம் தேதி அனுப்பினால், அது 16-ஆம் தேதி போய்ச் சேர்ந்து, அங்கேயும் பூட்டிய அலுவலகத்தையே பார்க்கும். அனுப்பும் நேரமும் முக்கியம். ஒவ்வோர் அஞ்சலகத்திலும் பிற்பகலில் ஒரு குறிப்பிட்ட நேரத்துக்குப் பையைக் கட்டி வண்டியில் ஏற்றிவிடுவார்கள், அதற்குப் பிறகு கவுண்டர் திறந்திருந்தாலும் நீங்கள் கொடுக்கும் கவர் அடுத்த வேலை நாளில்தான் கிளம்பும். வளாக அஞ்சலகத்தில் அந்த நேரம் என்ன என்று கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். பல்கலைக்கழக டெஸ்பாட்ச் மூலம் அலுவல் தபால் அனுப்பும் துறைகள் இன்னும் முன்னதாகவே கொடுக்க வேண்டும், ஏனென்றால் அங்கே பதிவேட்டில் ஏற்றி, எடை பார்த்து, ஸ்டாம்புக்குப் பதிலாகக் கட்டண முத்திரை பதிக்கும் பிராங்கிங் இயந்திரத்தில் முத்திரையிட்டு, அதன் பிறகே கட்டு அஞ்சலகம் போகிறது.

புத்தகங்களுக்கு நல்ல செய்தி இருக்கிறது. 2024 டிசம்பரில் பழைய புத்தகத் தபால் சேவை நின்றபோது மாணவர்களும் சிறு பதிப்பாளர்களும் பெரிதும் வருந்தினார்கள். அந்த வருத்தத்தில் நியாயம் இருந்தது. அதற்கு மாற்றாக 2025 மே 1 முதல் ‘ஞான் போஸ்ட்’ என்ற சேவை வந்திருக்கிறது. கல்வி, சமூகம், பண்பாடு, சமயம் சார்ந்த புத்தகங்களை 300 கிராம் வரை 20 ரூபாய்க்கும், அதிக அளவாக 5 கிலோ வரை 100 ரூபாய்க்கும் அனுப்பலாம், வரி தனி. இது தரைவழியாகப் போவதால் நாள் கூடுதலாக ஆகும், ஆனால் இணையத்தில் தபால் எங்கிருக்கிறது என்று பார்த்துக்கொள்ள முடியும். அச்சிட்டவர் அல்லது பதிப்பித்தவரின் பெயர் புத்தகத்தில் இருக்க வேண்டும், பருவ இதழ்களும் விளம்பர வெளியீடுகளும் இதில் சேரா. உங்கள் கையெழுத்துக் குறிப்பேடுகளையும் நகலெடுத்த கட்டுகளையும் இதில் அனுப்ப முடியாது என்பதைக் கவனியுங்கள், அவற்றைப் பார்சலாகத்தான் அனுப்ப வேண்டும். உள்ளே கடிதமும் வைக்காதீர்கள். பருவம் முடிந்து அறையைக் காலி செய்யும்போது பாடப் புத்தகங்களைப் பேருந்தில் சுமந்துகொண்டு போவதைவிட இது எவ்வளவோ மேல்.

பார்சலில் பண்டிகைப் பொருள் அனுப்புகிறவர்களுக்கும் சில வார்த்தைகள். பட்டாசு எந்த வடிவிலும் தபாலில் அனுப்பக் கூடாது, எரியக்கூடிய திரவங்களும் அப்படியே. வாசனைத் திரவியப் புட்டியையும் பவர் பேங்கையும் பலர் அறியாமல் வைத்துவிடுகிறார்கள், விமானத்தில் போகும் பையில் அவை ஆபத்தானவை. அதிரசம், முறுக்கு போன்ற பலகாரங்களை எண்ணெய் கசியாதபடி டின்னில் அடைத்து அட்டைப்பெட்டியில் வைத்தால் தாங்கும், பால் சேர்ந்த இனிப்பு தாங்காது. ரொக்கத்தைக் கவரில் வைத்து அனுப்பாதீர்கள்.

பொங்கல் வாழ்த்து அட்டையைப் பற்றி நீங்கள் கேட்டிருப்பது எனக்கு உண்மையாகவே மகிழ்ச்சி தருகிறது. கரும்பும் பானையும் காளையும் அச்சடித்த வாழ்த்துகள் ஜனவரி முதல் வாரத்தில் விடுதித் தபால் அடுக்கை நிறைத்துக்கொண்டிருந்த காலம் ஒன்று இருந்தது. ஒரே நாளில் ஒரே மாணவருக்கு ஏழெட்டு அட்டை வரும். தபால்காரர்கள் கூடுதல் பையோடு வருவார்கள். இன்றும் 20 கிராம் வரையிலான கவருக்கு 5 ரூபாய் ஸ்டாம்ப் போதும், அஞ்சல் அட்டை இன்னும் 50 காசுதான். மணி, ஜரிகை ஒட்டிய கெட்டி அட்டை 20 கிராமைத் தாண்டிவிடும், ஸ்டாம்ப் குறைவாக இருந்தால் பெறுபவரிடம் கூடுதல் கட்டணம் கேட்பார்கள், ஆகவே கவுண்டரில் ஒருமுறை எடை போட்டுப் பாருங்கள். சாதாரணத் தபாலுக்கு எண் கிடையாது, எங்கே இருக்கிறது என்று பார்க்க முடியாது. ஜனவரி 5, 6 தேதிகளுக்குள் பெட்டியில் போட்டுவிட்டால் பொங்கலுக்கு முன் போய்ச் சேர நல்ல வாய்ப்பிருக்கிறது. பதிவுத் தபால் இணைப்புச் செய்தி வந்தபோது சிவப்புத் தபால் பெட்டிகளையே எடுத்துவிடப்போகிறார்கள் என்று ஒரு வதந்தியும் சேர்ந்து பரவியது. அது உண்மையில்லை என்று அரசு மறுத்துவிட்டது. வளாகத்தில் இருக்கும் பெட்டியைத் தயங்காமல் பயன்படுத்துங்கள், அதன் மேல் எழுதியிருக்கும் தபால் எடுக்கும் நேரத்தை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

வெளிநாட்டுப் பல்கலைக்கழகங்களுக்கு மதிப்பெண் பட்டியல் அனுப்புகிறவர்கள், அந்த நிறுவனம் மின்வழியில் ஏற்குமா என்பதை முதலில் கேளுங்கள், இப்போது பெரும்பாலானவை ஏற்கின்றன. அமெரிக்காவில் சுங்க விதிகள் மாறியதால் 2025 ஆகஸ்ட் இறுதியில் அந்நாட்டுக்கான தபால் பதிவு நிறுத்தப்பட்டு, அக்டோபர் 15 முதல் மீண்டும் தொடங்கியது. அங்கே இருக்கும் அண்ணனுக்கோ அக்காவுக்கோ பொருளாக எதையாவது அனுப்புவதாக இருந்தால், சுங்கத் தொகை எவ்வளவு, அதை யார் கட்டுவது என்பதைப் பெட்டியை ஒட்டுவதற்கு முன்பே கவுண்டரில் கேட்டுக்கொள்ளுங்கள்.

விடுமுறை நாட்களில் தவறாமல் வரும் ஒரு மோசடியைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். ‘உங்கள் பார்சல் கிடங்குக்கு வந்துவிட்டது, முகவரி முழுமையாக இல்லை, 12 மணி நேரத்துக்குள் இந்த இணைப்பில் திருத்துங்கள், இல்லையென்றால் திருப்பி அனுப்பப்படும்’ என்று அஞ்சல் துறையின் பெயரில் குறுஞ்செய்தி வரும். இணைப்பைத் திறந்தால் ஒரு சிறு தொகையைக் கட்டச் சொல்லி வங்கி அட்டையின் விவரத்தை வாங்கிக்கொள்வார்கள். முகவரியைத் திருத்தச் சொல்லி அஞ்சல் துறை இப்படிச் செய்தி அனுப்புவதில்லை என்று அரசே தெளிவுபடுத்தியிருக்கிறது. ஊரில் இருந்துகொண்டு விடுதிக்கு வரும் பார்சலை எண்ணிக் கவலைப்படும் மாணவர்கள் இதில் எளிதாக அகப்பட்டுக்கொள்கிறார்கள். ஓ.டி.பி. விஷயத்திலும் அப்படியே: தபால்காரர் வாசலில் நின்று கேட்கும்போது சொல்வதற்குத்தான் அது, தெரியாத எண்ணிலிருந்து பேசுபவரிடம் சொல்வதற்கன்று.

அனுப்பிய கவர் சேரவில்லையென்றால், ரசீதில் இருக்கும் 13 எழுத்து எண்ணை முதலில் இணையத்தில் போட்டுப் பாருங்கள். ஸ்பீட் போஸ்டுக்கு அது ‘இ’ என்ற ஆங்கில எழுத்தில் தொடங்கி, இந்தியாவைக் குறிக்கும் ‘ஐ’, ‘என்’ என்ற இரண்டு எழுத்தில் முடியும். கடைசியாக எந்த அலுவலகத்தில் நிற்கிறது என்று பார்த்துவிட்டு, அந்த விவரத்தோடு அஞ்சல் துறையின் இணையதளத்திலோ அனுப்பிய கவுண்டரிலோ புகார் கொடுங்கள், 1800 266 6868 என்ற கட்டணமில்லா எண்ணிலும் கேட்கலாம். வெயில் பட்டால் ரசீதில் எழுத்து மங்கிவிடும், வாங்கிய உடனே கைப்பேசியில் படம் எடுத்துவைத்துவிடுங்கள். ‘பட்டுவாடா ஆகிவிட்டது’ என்று காட்டியும் கைக்கு வரவில்லையென்றால், புகாருக்கு முன் விடுதி அலுவலகப் பதிவேடு, துறை அலுவலகம், வாயில் காவலர் அறை, பல்கலைக்கழகத் தபால் பிரிவு என்று இந்த நான்கு இடங்களிலும் நேரில் போய்க் கேளுங்கள். விடுமுறை முடிந்த முதல் திங்கட்கிழமை காலையில் நான்கு நாள் தபால் ஒன்றாக வந்து குவியும் என்பதால், அன்று பிற்பகலோ மறுநாளோ கேட்டால் உங்கள் கவரைத் தேடி எடுத்துக் கொடுக்க அங்கிருப்பவர்களுக்கு நேரம் இருக்கும்.